காயாம்பூவின் அம்மா

வெங்கடேஸ்வரி இருபத்திரண்டாம் அத்தியாயத்தின் முதல் வரியை எழுதிக்கொண்டிருந்தபோது பேனா கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கலாம் என்று நினைத்தாள். வலது கை வரவில்லை. நோட்டின் மேல் அது பாட்டுக்குக் கிடந்தது. அடுக்களையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்த கணவர் முத்துவீரனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். மிக்ஸி நின்றதும் அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல்.

"சரிதான்."

"என்னட்டி சரிதான்?" என்று கேட்டபடி வந்தவர், அவள் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருப்பதைப் பார்த்தார். இருபத்தோரு வருஷம் பட்டாளத்தில் இருந்த மனுஷர். அவளை அப்படியே தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

ராஜபாளையத்திலிருந்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். பதினொரு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் முத்துவீரனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "அவங்களுக்கு எல்லாம் புரியும். நீங்க பேசுறது, டிவியில சொல்றது, எல்லாமே. ஆனா சொல்ல வராது. எழுதவும் வராது. மனசுல ஒண்ணு நினைப்பாங்க, வாயில வேற வரும். சிலருக்கு ஒரே சொல்லு மாட்டிக்கிடும். பயிற்சி குடுக்கணும். வருசக்கணக்கா ஆகலாம்."

வெங்கடேஸ்வரிக்கு மாட்டிக்கொண்ட சொல் 'சரிதான்.' பசிக்கிறது என்றாலும் சரிதான், ஃபேனை நிறுத்து என்றாலும் சரிதான். தலையாட்டுவதாவது ஒழுங்காக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. வேண்டாம் என்று நினைப்பாள்; தலை மேலும் கீழும் போகும்.

பதினொரு நாவல் எழுதியவள் அவள். தெருக்காரர்களுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. அவர்களுக்கு அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். காலை எட்டரை மணி பஸ்ஸுக்குச் சாப்பாட்டுப் பையோடு ஓடுகிறவள். முப்பது வருஷம் அந்த பஸ்ஸில் போய் வந்தாள். போகும்போது உட்கார இடம் கிடைத்தால் எழுதுவாள், வரும்போது நின்றுகொண்டே யோசிப்பாள். பகல் முழுக்க மற்றவர்கள் சொன்ன சாட்சியத்தை டைப் அடித்துவிட்டு, சாயங்காலம் சிறுபிள்ளைகளுக்குக் கதை எழுதினாள். ஒரு சிறுவர் பத்திரிகையில் தொடராக வந்தது. அந்தப் பத்திரிகை நின்றுபோன பிறகு, மதுரையில் சின்னதாகப் பதிப்பகம் வைத்திருந்த சோலைராஜ் அவளைத் தேடிக் கோர்ட் வாசலுக்கே வந்தார். பத்து வயசு, பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கு இப்படி எழுத ஆளில்லை என்றார்.

அவருக்கு அவள் கொடுத்ததுதான் 'ஓடைக்கரை காயாம்பூ.' மேற்கு மலை அடிவாரத்து ஊரில் பன்னிரண்டு வயசுப் பெண் காயாம்பூ. ஒரு நாள் காலையில் அவள் அம்மா வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். ஏன் போனாள், எங்கே போனாள் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். காயாம்பூ தேடத் தொடங்குகிறாள். இரண்டாம் பாகம் 'காயாம்பூவும் கல்குவாரியும்.' பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் அட்டை கிழியக் கிழியப் படித்தார்கள். மூன்றாம் பாகத்தில் அம்மா கிடைத்துவிடுவாளா என்று கேட்டு அவளுக்குக் கடிதங்கள் வந்தன. அந்தக் கேள்விக்கு மட்டும் வெங்கடேஸ்வரி யாருக்கும் பதில் சொல்லவில்லை. எழுதி முடிக்கும் முன்னால் கதையை யாரிடமும் சொல்லுவதில்லை என்பது அவளுடைய பழக்கம். சொல்லிவிட்டால் எழுதுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது என்பாள். குறிப்பும் எழுதி வைக்க மாட்டாள். எல்லாம் தலைக்குள்ளேயே இருக்கும்.

இப்போதும் அங்கேதான் இருந்தது.

நான்கு மாதம் கழித்து சோலைராஜ் வீட்டுக்கு வந்தார். கூடவே ஒரு பெண். முப்பது வயசிருக்கும். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர், பெயர் அனுசியா என்றார். அவளும் பிள்ளைகளுக்காக இரண்டு புத்தகம் எழுதியிருந்தாள்.

"நான் எட்டாப்பு படிக்கும்போது உங்களுக்கு லெட்டர் போட்டேன் மேடம். நீங்க பதில் போட்டீங்க. இன்னும் வச்சிருக்கேன்" என்று அனுசியா சொன்னாள்.

சோலைராஜ் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "மேடம், மூணாம் பாகம் வருதுன்னு போன வருசமே சொல்லிட்டோம். பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்கு. நீங்க இருபத்தோரு அத்தியாயம் முடிச்சிட்டீங்க. இன்னும் நாலுதான். அனுசியா எழுதட்டுமா? உங்க பேருலதான் வரும். உள்ள ஒரு வரி அவங்களைப் பத்திப் போட்டுக்கிடலாம். உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்தான்."

வெங்கடேஸ்வரி அந்தப் பெண்ணைப் பார்த்தாள். விரல் நுனியில் சிவப்பு மை. காலையில் பேப்பர் திருத்திவிட்டு நேரே வந்திருக்கிறாள். பிடித்திருந்தது. எப்படியும் நமக்குக் கொஞ்சம் பேச்சு வந்துவிடும், சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று நினைத்தாள்.

"சரிதான்" என்றாள். அந்த ஒரு தடவை வாயும் மனசும் ஒன்றாகத்தான் இருந்தன.

அனுசியா அதற்குப் பிறகு நான்கு சனிக்கிழமை வந்தாள். நிறையக் கேட்டாள். காயாம்பூ பஸ்ஸுக்கு யாரிடம் காசு வாங்கினாள், அப்பாவுக்குக் கால் எப்போது ஊனமானது, கல்குவாரிக் கணக்குப்பிள்ளை நல்லவனா கெட்டவனா. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று விதமாகக் கேட்டு, வெங்கடேஸ்வரியின் கண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டாள். கெட்டிக்காரி. ஆனால் அம்மா திரும்பி வருவாளா என்று மட்டும் அவள் கேட்கவே இல்லை. மூன்று பாகமாக ஒரு பிள்ளை அம்மாவைத் தேடினால் அம்மா கிடைக்கத்தானே வேண்டும்? அதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பாள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழுதி முடித்ததை வாசித்துக் காட்ட வந்தார்கள். முத்துவீரன் வடை வாங்கி வைத்திருந்தார். வெங்கடேஸ்வரியைக் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார்த்தினார். அனுசியா வாசித்தாள்.

இருபத்திரண்டாம் அத்தியாயம் நன்றாக இருந்தது. வெங்கடேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். நாம் எழுதியிருந்தால் இந்த இடத்தில் இன்னும் இரண்டு வரி கூட்டியிருப்போம், இந்தப் பெண் கூட்டாமல் விட்டது நல்லது என்றுகூடத் தோன்றியது. இருபத்து மூன்றும் நன்றாக இருந்தது. இருபத்து நான்கில் காயாம்பூ தளவாய்புரத்துக்குப் போய்ச் சேருகிறாள். அங்கே நைட்டி தைக்கிற கம்பெனியில் அம்மா வேலை பார்க்கிறாள். அது வெங்கடேஸ்வரியே முந்தைய அத்தியாயங்களில் எழுதியிருந்த விஷயம்தான். கடைசி அத்தியாயத்தில் கம்பெனி விட்டு அம்மா வெளியே வருகிறாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் காயாம்பூ நிற்கிறாள். அம்மா பார்க்கிறாள். கையிலிருந்த தூக்குவாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். இரண்டு பேரும் பஸ் ஏறி ஊருக்கு வருகிறார்கள். அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

வெங்கடேஸ்வரி கண்ணைத் திறந்தாள்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கோர்ட்டில் ஒரு வழக்கு. பிள்ளை யாரிடம் இருப்பது என்கிற வழக்கு. பதினோரு வயசுப் பெண் பிள்ளை. அம்மாக்காரி தன்னால் வைத்துக்கொள்ள முடியாது என்று ஜட்ஜிடம் சொன்னாள். வெங்கடேஸ்வரிதான் அதை டைப் அடித்தாள். சாயங்காலம் அவள் பஸ்ஸுக்கு வந்தபோது அந்த அம்மாக்காரி எதிர்ப்பக்க ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தாள். இந்தப் பக்கம் அந்தப் பிள்ளை. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். பிள்ளை கூப்பிடவில்லை. அம்மா பஸ் ஏறுகிற வரைக்கும் பார்த்தது. பிறகு வெங்கடேஸ்வரியிடம் வந்து, "சேத்தூருக்கு எந்த பஸ்க்கா?" என்று கேட்டது. அழவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டது. அந்தப் பிள்ளைக்காகத்தான் வெங்கடேஸ்வரி காயாம்பூவை எழுதத் தொடங்கினாள். காயாம்பூ அம்மாவைக் கண்டுபிடிப்பாள். பார்ப்பாள். அம்மா அங்கே நன்றாக இருக்கிறாள், யாருடனோ சிரித்துப் பேசுகிறாள் என்று தெரிந்துகொள்வாள். கூப்பிடாமல் திரும்பி வருவாள். வந்து வாழ்வாள். அப்படியும் ஒரு பிள்ளை வாழ முடியும் என்று சொல்வதற்காகத்தான் மூன்று பாகம்.

"எப்படி இருக்கு மேடம்?" என்று அனுசியா கேட்டாள்.

"சரிதான்" என்றாள் வெங்கடேஸ்வரி. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். மறுபடியும் முயன்றாள். "சரிதான். சரிதான்." குரல் உயர்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சரிதான்" என்று கத்தினாள். இடது கையை நீட்டி அந்தத் தாள்களைப் பிடுங்கப் பார்த்தாள்.

"அவளுக்கு ரொம்ப சந்தோசம். இம்புட்டுப் பேசி நான் பாத்ததே இல்ல" என்றார் முத்துவீரன். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. "கையில குடும்மா, தொட்டுப் பாக்கணும்ங்கா."

அனுசியா தாள்களை அவள் மடியில் வைத்து, குனிந்து காலைத் தொட்டுக் கும்பிட்டாள். சோலைராஜ் போனில் ஒரு படம் எடுத்தார். அந்தப் படம்தான் புத்தகத்தின் பின்னட்டையில் வந்தது.

அன்றிலிருந்து இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. முத்துவீரன் பிசைந்து ஊட்டினால் வாயை இறுக்கிக்கொண்டாள். அவருக்கு லேசாகச் சந்தேகம் தட்டியது. "ஏட்டி, அந்தக் கதை உனக்குப் பிடிக்கலையா?" என்று கேட்டார். தலை மேலும் கீழும் போனது. எந்த அர்த்தத்தில் போனது என்று அவருக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்டார். இந்தத் தடவை பக்கவாட்டில் போனது. சோலைராஜுக்குப் போன் போட்டார். அவர், மேடத்துக்குச் சோர்வாக இருக்கும், அச்சுக்குக் கொடுத்தாகிவிட்டது, ஒன்றும் கவலைப்படாதீர்கள் என்றார். முத்துவீரன் வேறு என்ன சொல்ல முடியும்? அவர் அவள் எழுதிய ஒரு கதையைக்கூடப் படித்ததில்லை. பேப்பர் படிப்பார், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. புத்தகக் கண்காட்சிக்குக் கட்டுக்கட்டாகச் சுமந்துகொண்டு போவார். அவ்வளவுதான். அவளுக்குள் என்ன இருக்கிறது என்று தேட அவரிடம் ஒரு துப்புகூட இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் புத்தகம் வெளியிட்டார்கள். வெங்கடேஸ்வரியைச் சக்கர நாற்காலியில் மேடைக்குக் கொண்டுபோனார்கள். கடைசிப் பக்கத்தை அனுசியா மைக்கில் வாசித்தபோது பிள்ளைகள் கைதட்டிய தட்டில் ஹாலே அதிர்ந்தது. பின்வரிசையில் டீச்சர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இரண்டு மாதத்தில் அத்தனை பிரதியும் தீர்ந்துபோயிற்று.

பங்குனி முடிகிற சமயம் செட்டியார்பட்டியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள். ஏழாம் வகுப்புப் படிக்கிற செல்வலட்சுமி என்ற பெண் எழுதியிருந்தாள். முத்துவீரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"அன்புள்ள எழுத்தாளர் அம்மாவுக்கு வணக்கம். காயாம்பூ மூன்று பாகமும் படித்துவிட்டேன். எங்க அம்மாவும் மூன்று வருசத்துக்கு முன்னாடி போயிட்டாங்க. திருப்பூர்ல இருக்காங்கன்னு பெரியம்மா சொன்னாங்க. நான் போய்ப் பார்க்கலாமா வேண்டாமான்னு பயந்துக்கிட்டே இருந்தேன். இப்ப பயம் போச்சு. பரீட்சை லீவு விட்டதும் போகப்போறேன். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னா போதும். அம்மா பார்த்துட்டு ஓடி வந்துருவாங்க. நன்றி."

முத்துவீரன் கடிதத்தை மடித்தார். "சின்னப் பிள்ளை தனியாவா போகும்?" என்றார்.

வெங்கடேஸ்வரியின் இடது கை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. "சரிதான், சரிதான், சரிதான்" என்றாள். இந்தத் தடவை அவர் அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. கடிதத்தில் தேதியைப் பார்த்தார். எழுதிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. அனுசியாவுக்குப் போன் போட்டார்.

அனுசியா அன்று சாயங்காலமே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு செட்டியார்பட்டிக்குப் போனாள். மறுநாள் காலையில் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னாள்.

"போயிட்டு வந்துட்டா மேடம். போன புதன்கிழமையே போயிருக்கா. பக்கத்து வீட்டுக்காரங்க திருப்பூர் போனாங்க, அவங்களோட. அம்மாவைப் பார்த்திருக்கா. அம்மாக்காரிக்கு அங்க வேற குடும்பம் இருக்கு. இவளை ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போய் பரோட்டா வாங்கிக் குடுத்து, அன்னைக்கே பஸ் ஏத்தி விட்டுட்டா. வந்ததிலிருந்து யார்கிட்டயும் பேசலையாம். பெரியம்மா பரிபூரணம்னு ஒருத்தங்க, அவங்கதான் வளர்க்கிறாங்க. அவங்க என்னை ஒண்ணும் திட்டல மேடம். திட்டியிருந்தா நல்லாருக்கும்."

அடுத்த சனிக்கிழமை அனுசியா அந்தப் பிள்ளையையே அழைத்துக்கொண்டு வந்தாள். பரிபூரணத்திடம் கேட்டுக்கொண்டுதான். எழுத்தாளரைப் பார்த்தால் மனசு கொஞ்சம் தேறும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

செல்வலட்சுமி கட்டிலுக்கு எதிரே நின்றாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. முத்துவீரன் கொடுத்த முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"காயாம்பூ அம்மா ஓடி வந்தாங்கன்னு நீங்கதான எழுதுனீங்க?"

"இல்லடா, அது நான் எழுதுனது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு, அதான் நான்..." என்று அனுசியா அவசரமாகச் சொன்னாள்.

பிள்ளை அவளைப் பார்க்கவில்லை. "அட்டையில இவங்க பேருதான இருக்கு. நீங்கதான எழுதுனீங்க?"

வெங்கடேஸ்வரி உதட்டை அழுத்திக் கடித்துக்கொண்டாள். அந்தச் சொல் வரக்கூடாது என்று அடக்கினாள். இந்த ஒரு வருஷப் பயிற்சியில் தலை கொஞ்சம் அவள் சொன்னபடி கேட்கத் தொடங்கியிருந்தது. மெதுவாக, பக்கவாட்டில் அசைத்தாள். இல்லை. இன்னொரு முறை அசைத்தாள். வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். சொல்ல வேண்டியது முழுதும் தயாராக இருந்தது: நீ போய்ப் பார்த்தது தப்பில்லை. உன் அம்மா வராதது உன்னால் இல்லை. காயாம்பூவும் திரும்பித்தான் வந்தாள், உன்னை மாதிரியே பஸ்ஸில், தனியாக.

"சரிதான்" என்றாள்.

செல்வலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். முறுக்கை ஸ்டூலின் மேல் வைத்தாள். "போலாம் டீச்சர்" என்றாள்.

அவளைப் பரிபூரணத்திடம் விட்டுவிட்டு அனுசியா ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. கட்டிலின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மேடம், ஒண்ணு கேக்கேன். அம்மா வரக்கூடாதுன்னுதான் நினைச்சிருந்தீங்களா?"

வெங்கடேஸ்வரி தலையை மேலும் கீழும் அசைத்தாள். சரியாக அசைந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவள் தலையசைப்பு ஒருத்தருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

"அப்ப என்ன ஆகும்? அம்மா செத்துப் போயிருப்பாங்களா?"

இல்லை.

"அம்மா வரமாட்டேன்னு சொல்லிருவாங்களா?"

இல்லை.

"காயாம்பூ அம்மாகூடவே தங்கிருவாளா? அப்பா வந்து கூட்டிட்டுப் போவாரா? அம்மா இருக்கிற இடம் தப்பா?"

இல்லை, இல்லை, இல்லை. அனுசியா விடாமல் கேட்டாள். நோட்டைக் கொடுத்து இடது கையால் வரையச் சொன்னாள். வெங்கடேஸ்வரி ஒரு கோடு போட்டாள். அதற்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி. "ரோடா இது?" என்று முத்துவீரன் கேட்டார். ஆமாம். "ரெண்டு பேரும் ரோட்டுல நிக்காக. அதான ஏற்கெனவே கதையில இருக்கு" என்றார். அதற்கு மேல் எதை வரைவது? கூப்பிடாமல் இருப்பதை எப்படி வரைவது? வெங்கடேஸ்வரி பேனாவை அந்தப் புள்ளியின் மேலேயே வைத்துக்கொண்டிருந்தாள். மை பரவிப் புள்ளி பெரிதாகிக்கொண்டே போனது.

பொழுது சாயும் மட்டும் உட்கார்ந்திருந்துவிட்டு அனுசியா எழுந்தாள். "உங்களுக்குப் பேச்சு வரட்டும் மேடம். அடுத்த பதிப்புல மாத்திருவோம். சோலைராஜ் சார்கிட்ட நான் சொல்லுதேன்" என்றாள். சொல்லவும் செய்தாள். இரண்டாம் பதிப்பு ஏற்கெனவே அச்சாகிப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, இந்த முடிவுதான் பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது என்று அவர் பதில் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. செல்வலட்சுமி அதற்குப் பிறகு எழுதவில்லை. பள்ளிக்கூடம் திறந்த பிறகு வகுப்பில் நூலகப் புத்தகம் எடுப்பதை நிறுத்திவிட்டாள் என்று மட்டும் அனுசியா விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, பேச்சுப் பயிற்சி தருகிற பெண் கொடுத்துவிட்டுப் போன பட அட்டைகளை எடுத்துக்கொண்டு முத்துவீரன் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். தினம் அரை மணி நேரம். அதில் அவர் பட்டாளத்துக்காரர்தான், ஒரு நாள்கூடத் தவறவிட மாட்டார். முதல் அட்டையைத் தூக்கிப் பிடித்தார். குடை.

"என் வாயைப் பாரு. கு. கு-டை."

வெங்கடேஸ்வரி அவர் உதட்டைப் பார்த்தாள். தன் உதட்டைக் குவித்தாள். காற்றுதான் வந்தது.

"பரவால்ல, செத்த நேரம் எடுத்துக்கோ" என்றார் அவர். அட்டையைத் தணிக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.